மொட்டை மாடியிலிருந்து இரவு வானத்தின் வெளிச்சத்தை அளப்பதும் குறைப்பதும்

கோயம்புத்தூரைப் போல நாலாபுறமும் விரிந்துகொண்டிருக்கும் ஊர்களில், "முன்பெல்லாம் வானம் நிறைய நட்சத்திரம் தெரியும்" என்று சொல்லாத பெரியவர்கள் குறைவு. முன்பு எத்தனை தெரிந்தன, இப்போது எத்தனை தெரிகின்றன என்று கேட்டால் மட்டும் யாரிடமும் கணக்கு இருப்பதில்லை. மழையளவுக்குக் கணக்கு உண்டு, கிணற்று நீர்மட்டத்துக்குக் கணக்கு உண்டு, காற்றில் கலந்த தூசிக்குக்கூட இப்போது கணக்கு வந்துவிட்டது. இரவு வானத்துக்கு இல்லை. கணக்கில்லாத குறையை எந்த அலுவலகமும் காதில் போட்டுக்கொள்ளாது என்பதால், வானம் வெளுப்பதைப் பற்றி ஏதாவது செய்ய நினைப்பவர் முதலில் அளக்க வேண்டும். விளக்கை மாற்றுவதும் மனு எழுதுவதும் அதற்குப் பிறகுதான். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது. ஒரு நோட்டுப் புத்தகமும் ஓரளவு இருளான மொட்டை மாடியும் இருந்தால் இன்றைக்கே தொடங்கலாம்.

வானம் வெளுப்பதன் காரணம்

விளக்கிலிருந்து நேராக மேலே போகும் ஒளியும், சாலையிலும் சுவரிலும் பட்டு மேலே திரும்பும் ஒளியும், காற்றின் மூலக்கூறுகளிலும் தூசியிலும் ஈரத்திலும் மோதிச் சிதறி, அதில் ஒரு பங்கு மீண்டும் நம் கண்ணுக்கே இறங்கி வருகிறது. நகரத்துக்கு மேலே மங்கலான ஒரு விதானம் கட்டியதுபோலத் தெரிவது இந்தச் சிதறல்தான். செங்குத்தாக மேலே போகும் ஒளியைவிட, கிடைமட்டத்துக்குச் சற்று மேலே சாய்வாகப் போகும் ஒளியே அதிகக் கேடு செய்கிறது. காற்றின் ஊடே அது நெடுந்தூரம் பயணம் செய்வதால் பத்து, இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்து வானத்தையும் சேர்த்து வெளுக்க வைத்துவிடும். தலை நிமிர்த்தி மாட்டிய ஒரு ஃப்ளட் லைட், அதே வாட் அளவில் தரை நோக்கி மாட்டிய விளக்கைவிடப் பல மடங்கு தொல்லை தருவதற்குக் காரணம் இதுவே.

நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. தெளிந்த காற்றில் சிதறல், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் நிகழ்வதால், 450 நானோமீட்டர் நீல ஒளி 600 நானோமீட்டர் மஞ்சள் ஒளியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சிதறுகிறது. பழைய சோடியம் விளக்குகளின் மஞ்சள் வெளிச்சம் போய், நீலம் கூடுதலாகக் கலந்த வெள்ளை எல்.இ.டி. வந்தபோது மின்சாரம் மிச்சமானது உண்மை. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய தெருவிளக்குத் திட்டத்தின் கீழ் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மாறின. மிச்சமானதைச் சாக்காக வைத்து இன்னும் நாலு விளக்கு கூடுதலாக மாட்டிக்கொண்டதும் உண்மை.

2023-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு, 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் வெறும் கண்ணால் பார்த்து அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைத் தொகுத்து, வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடுவதாகக் காட்டியது. அந்தப் பதிவுகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்து வந்தவை. நம் பக்கத்து எண்கள் அதில் சொற்பம் என்பதே, நாம் மாடிப்படி ஏறுவதற்குப் போதுமான காரணம்.

அளவுகோல்

விண்மீனின் பிரகாசத்தைக் குறிக்கும் எண்ணுக்குப் பொலிவெண் என்று பெயர்; விண்மீன் மங்க மங்க எண் கூடும். வானத்தின் வெளிச்சத்தை, சதுர ஆர்க்செகண்டு எனப்படும் வானத்தின் மிகச் சிறிய பரப்புக்கு இத்தனை பொலிவெண் என்று குறிப்பார்கள். எண் கூடினால் வானம் இருள்கிறது, குறைந்தால் வெளுக்கிறது என்பதை மட்டும் தலைகீழாகப் புரிந்துகொள்ளாமல் இருக்க வேண்டும். செயற்கை ஒளி இல்லாத, நிலவற்ற வானம் ஏறக்குறைய 22. நெரிசலான நகரத்தின் நடுப்பகுதி 17 அல்லது 18. ஐந்து பொலிவெண் வேறுபாடு என்றால் நூறு மடங்கு, ஒன்று என்றால் சுமார் இரண்டரை மடங்கு என்பதால், 22-க்கும் 18-க்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய நாற்பது மடங்கு வெளிச்சம்.

இந்த நூறு மடங்குக் கணக்கை 1856-இல் வகுத்த நார்மன் போக்சன், 1861 முதல் 1891-இல் இறக்கும்வரை சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர். நுங்கம்பாக்கத்தில் இருந்த அந்த ஆய்வகத்தில் அவரோடு பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். அந்த விண்மீன் சென்னையில் தெற்குத் தொடுவானத்துக்கு மேல் ஏறக்குறைய 14 பாகைக்கு மேல் எழுவதே இல்லை. நுங்கம்பாக்கத்து மாடி எதிலாவது நின்று இன்றிரவு தெற்கே அந்த உயரத்தைப் பார்த்தால், என்ன மாறியிருக்கிறது என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

இரவைத் தேர்ந்தெடுத்தல்

தினசரி காலண்டரில் திதி பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தேய்பிறை அஷ்டமியன்று நிலவு நள்ளிரவை ஒட்டித்தான் எழும்; அன்று முதல் அமாவாசையைத் தாண்டி வளர்பிறை துவிதியை வரை முன்னிரவில் நிலவின் குறுக்கீடு இராது. சூரியன் மறைந்த கையோடு அளக்கக் கூடாது. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கிய பிறகே அந்தி வெளிச்சம் முற்றிலும் நீங்கும். தமிழ்நாட்டில் அதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது மணியை நிலையான நேரமாக வைத்துக்கொண்டு, முடிந்தால் கடைகள் அடைத்த பிறகு பன்னிரண்டு மணிக்கு இன்னொரு முறை அளப்பது நல்லது. இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால், கடைகளும் விளம்பரப் பலகைகளும் வீடுகளும் பொறுப்பு. வேறுபாடே இல்லை என்றால் விடிய விடிய எரியும் தெருவிளக்குகளையும் உயர்கோபுர விளக்குகளையும் பார்க்க வேண்டும்.

மாதங்களில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நமக்கு உகந்தவை. கோவைப் பக்கம் ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் புகத் தொடங்கினால் ஆகஸ்ட் வரை நம்ப முடியாது; பிறகு வடகிழக்குப் பருவமழை. நகரத்தில் மெல்லிய மேகம்கூடக் கீழிருந்து வரும் ஒளியைத் திருப்பி அனுப்பி எண்ணை வெகுவாகக் கெடுத்துவிடும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் அளக்க வசதியான நாள் என்று தோன்றும். புகையில் எதுவும் தேறாது. சென்னையில் போகிக்கும் இதே கதிதான்.

கண்ணால் அளத்தல்

மாடியில் எந்த விளக்கும் நேராகக் கண்ணில் படாத மூலை ஒன்றைப் பிடிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் பெரும்பாலும் போதும். அங்கே இருபது நிமிடமாவது கண்ணை இருளுக்குப் பழக்க வேண்டும். நடுவில் ஒரு முறை வாட்ஸ்அப் பார்த்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நோட்டில் எழுத வெளிச்சம் வேண்டுமென்றால் டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றிக்கொள்ளலாம். பார்வைக்குக் கண்ணாடி அணிபவர்கள் ஒவ்வொரு முறையும் அணிந்தே பார்க்க வேண்டும்.

ஜனவரிக் கடைசியில் ஒன்பது மணிக்கு, வேட்டைக்காரன் உருவமாகக் காணப்படும் ஓரியன் விண்மீன் கூட்டம் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஐரோப்பாவில் அதைத் தெற்கே சாய்வாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. நடுவில் வரிசையாக நிற்கும் மூன்றும், சுற்றிலும் திருவாதிரை உள்ளிட்ட நான்கும் மட்டுமே தெரிந்தால், அந்த இடத்தில் கண்ணின் எல்லை, அதாவது கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனின் பொலிவெண், மூன்றுக்கு உட்பட்டது. அங்கு வானத்தின் அளவு ஏறக்குறைய 17 என்று எழுதிக்கொள்ளலாம். அடுத்து, திருவாதிரைக்கும் அதன் எதிர்த் தோளுக்கும் நடுவே, சற்று வடக்கே இருக்கும் மிருகசீரிடத்தைப் பார்க்க வேண்டும். அது மூன்று விண்மீன்கள் சேர்ந்த சிறு முக்கோணம். பொலிவெண்கள் ஏறக்குறைய 3.4, 4.1, 4.4. ஒன்றே ஒன்று தெரிந்தால் எல்லை நான்கைத் தொடவில்லை. மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் நாலரையைத் தாண்டிவிட்டது, வானம் 18.5-க்கு மேல் என்று கொள்ளலாம்.

அதற்கும் மேலே போக விரும்பினால் கார்த்திகை இருக்கிறது. நகரத்தின் நடுவில் அது ஒரு கறை, அல்லது அதுவும் இல்லை. புறநகரில் நான்கு புள்ளிகள் வரை பிரியும். ஆறும் தெளிவாகப் பிரிந்தால் எல்லை ஐந்தை நெருங்குகிறது, வானம் 19.5-ஐ ஒட்டி இருக்கிறது. ஆறாம் பொலிவெண் வரை தெரிய 21 வேண்டும். அப்படிப்பட்ட மாடி உள்ளவர்கள் இதைப் படிக்க வேண்டிய அவசியமில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் ஓரியன் மேற்கே இறங்கிவிட்டால் வடக்கே சப்தரிஷி மண்டலத்துக்குத் திரும்பலாம். அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் சடங்கில் பட்டப்பகலில் காட்டப்படும் அருந்ததியின் பொலிவெண் 4, வசிட்டருக்கு 2.2. வசிட்டர் தெரிந்து அருந்ததி தெரியவில்லை என்றால் எல்லை இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. திருமணத்தில் பார்க்காமலே "பார்த்தேன்" என்று சொன்னவர்கள் இந்த ஒரு சோதனையையாவது நேர்மையாகச் செய்யலாம்.

எதைப் பார்த்தாலும் ஒரு விதி மாறக் கூடாது: ஒரே ஆள், ஒரே மூலை, ஒரே நேரம், ஒரே விண்மீன் கூட்டம். இன்று அப்பாவும் அடுத்த மாதம் மகளும் பார்த்து எழுதினால், வானம் மாறியதா கண் மாறியதா என்று பிரிக்க முடியாது. இருவருக்கும் ஆர்வம் இருந்தால் இரண்டு பத்தி போட்டுத் தனித்தனியாக எழுதுங்கள்.

கருவியாலும் கைபேசியாலும்

கனடாவின் யூனிஹெட்ரான் நிறுவனம் தயாரிக்கும் ஸ்கை குவாலிட்டி மீட்டர் உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி. உச்சியை நோக்கிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் சில நொடிகளில் எண் காட்டும். அகலப் பார்வை கொண்ட பழைய வகை, பக்கத்துத் தெருவிளக்கையும் சேர்த்து அளந்துவிடும் என்பதால், நகரத்துக்குப் பார்வை குறுகிய 'எல்' வகையே பொருத்தம். முதலில் வரும் எண்ணை விட்டுவிட்டு, அடுத்து வரும் நான்கைந்தின் சராசரியை எழுதிக்கொள்ள வேண்டும். வானியல் மன்றம் ஒன்றோ கல்லூரியின் இயற்பியல் துறையோ ஒன்றை வாங்கிப் பலரும் பகிர்ந்துகொள்வதே என் பார்வையில் சரியான வழி. தனியாள் வாங்கினால் மூன்றாம் மாதம் அது அலமாரிக்குப் போய்விடும்.

கருவி இல்லாதவர்களுக்குக் கைபேசி. ப்ரோ மோடில் ஐ.எஸ்.ஓ. 800, திறப்பு நேரம் 10 நொடி, குவியம் முடிவிலி, வெள்ளைச் சமன் 4000 கெல்வின் என்று நிலைப்படுத்தி, கோப்பை ரா வடிவில், அதாவது கைபேசி திருத்தாத மூலப் படமாக, சேமிக்க வேண்டும். நைட் மோட் கூடவே கூடாது. அது பல படங்களைக் கலந்து தனக்குப் பிடித்த வெளிச்சத்தைத் தானே போட்டுக்கொள்ளும். கைபேசியைத் தரையில் மல்லாத்தி வைத்து, கை அதிராமல் இருக்க டைமர் போட்டு உச்சி வானத்தைப் படமெடுக்க வேண்டும். அதே அமைப்பில் லென்ஸைக் கறுப்புத் துணியால் மூடி இன்னொரு படம் எடுத்து, முதல் படத்தின் நடுப்பகுதிச் சராசரியிலிருந்து இதன் சராசரியைக் கழித்தால் வானத்தின் பங்கு கிடைக்கும். இது தனித்த அளவு அல்ல, ஒப்பீடு மட்டுமே. சென்ற மாதம் 400, இந்த மாதம் 640 என்றால் வெளிச்சம் 1.6 மடங்கு ஆகியிருக்கிறது. பொலிவெண்ணில் அரை அளவு குறைந்திருக்கிறது. கைபேசியை மாற்றினால் ஒப்பீடு அறுந்துபோகும் என்பதை மறக்க வேண்டாம்.

செயற்கைக்கோள் வரைபடங்களைப் பார்த்துவிட்டு, இனி எதற்கு மாடி ஏற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலமான, செயற்கைக்கோளில் உள்ள விர்ஸ் என்ற ஒளி உணரி 500 நானோமீட்டருக்குக் கீழே உள்ள நீல ஒளியை ஏறக்குறைய காண்பதே இல்லை. நள்ளிரவுக்குப் பிறகு, சுமார் ஒன்றரை மணிக்குத்தான் நம் தலைக்கு மேல் கடக்கிறது. சோடியத்திலிருந்து வெள்ளை எல்.இ.டி.க்கு மாறிய ஒரு நகரம் அதன் படத்தில் இருண்டதுபோலக்கூடத் தோன்றும், கீழே நிற்பவரின் வானமோ வெளுத்திருக்கும். எந்தத் திசையில் நகரம் வளர்கிறது என்று அறிய வரைபடம் உதவும். வானத்தின் நிலையை அறிய மாடிதான்.

விளக்கைக் கண்டுபிடித்தல்

எண்கள் சேர்ந்த பிறகு மாடியின் நான்கு ஓரத்துக்கும் சென்று, தொடுவானத்தை ஒட்டி எந்தப் பக்கம் வெளுப்பு அதிகம் என்று குறிக்க வேண்டும். கோவையில் மேற்கே தொண்டாமுத்தூர், சிறுவாணிப் பக்கம் மலை மறைப்பதால் ஓரளவு இருள் இருக்கும். வடக்கே சரவணம்பட்டியும் கிழக்கே அவிநாசி சாலையும் வேறு கதை. அந்தப் பொது வெளுப்பில் நம்மால் உடனே செய்யக்கூடியது குறைவு. நம் கைக்கு எட்டுவது அருகில் இருக்கும் விளக்குகள்.

அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது ஒரே கேள்வி போதும்: தூரத்திலிருந்து பல்பு கண்ணில் குத்துகிறதா, அல்லது வெளிச்சம் படும் தரை மட்டும் தெரிகிறதா? பல்பே தெரிந்தால் அதன் ஒளியில் ஒரு பங்கு வேலையில்லாமல் வெளியே போகிறது. தெருவில் இறங்கியும் இதைச் சோதிக்கலாம். கண்கூசும் விளக்கு ஒன்றுக்கு இருபதடி தள்ளி நின்று, பல்பு மட்டும் மறையும்படி நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பாருங்கள். அதுவரை கறுப்பாகக் கிடந்த மரத்தடியும், நிறுத்தியிருக்கும் வண்டியும், அதன் பின்னால் யாரேனும் நின்றால் அவரும் தெளிவாகத் தெரியத் தொடங்குவார்கள். பாதுகாப்புக்காக மாட்டிய விளக்கு, பார்க்க வேண்டியதை மறைத்துக்கொண்டிருந்தது அந்த நொடியில் விளங்கிவிடும். பக்கத்து வீட்டாரிடமும் அலுவலரிடமும் பேசும்போது நட்சத்திரத்தைப் பற்றி நீட்டி முழக்குவதைவிட இந்தக் கைச் சோதனையைச் செய்துகாட்டுவது எளிது.

சொந்த வீட்டிலிருந்து

கடையில் பல்பு கேட்டால் பெரும்பாலும் கையில் கொடுப்பது 6500 கெல்வின் கூல் டே லைட். கெல்வின் எண் கூடக் கூட ஒளியில் நீலம் கூடும். அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்து 2700 அல்லது 3000 கெல்வின் வார்ம் ஒயிட்டைக் கேட்டு வாங்க வேண்டும். விலை வேறுபாடு பெரிதாக இராது. வாசல் கேட்டின் தூண் மேல் வைத்த உருண்டை விளக்குகள் பாதி ஒளியை வானத்துக்கே அனுப்புகின்றன. அவற்றுக்குப் பதில், தூணின் பக்கவாட்டில் கீழ்நோக்கிய குடை விளக்கு மாட்டினால், 12 வாட் இருந்த இடத்தில் 5 வாட் போதும். போர்ட்டிகோவுக்கும் பின்கட்டுக்கும் ஆள் நடமாட்ட உணரி வைத்த விளக்கு நல்லது. திடீரென எரியும் விளக்கு, இரவெல்லாம் எரியும் விளக்கைவிடத் திருடனைக் கலங்கடிக்கும் என்பது என் கருத்து. மாடியில் ஃப்ளட் லைட் இருந்தால் அதன் கண்ணாடி முகம் தரைக்கு இணையாகும்வரை தாங்கியின் திருகைத் தளர்த்திச் சாய்க்க வேண்டும். ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும் இந்த ஒரு வேலைதான், செலவே இல்லாமல் அதிகப் பலன் தருவது. உயரத்தில் இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எலக்ட்ரீஷியனை அழைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

அக்கம்பக்கமும் அலுவலகமும்

பக்கத்து வீட்டுக்காரரிடம் போகும்போது குறையோடு போகாமல் கையில் ஒரு விளக்குக் குடையோடோ பல்போடோ போவது நல்லது. "அண்ணா, உங்கள் லைட் எங்கள் படுக்கையறை ஜன்னலில் அடிக்கிறது, கொஞ்சம் கீழே சாய்த்துத் தர முடியுமா, ஆளை நான் அழைத்து வருகிறேன்" என்று கேட்டால் மறுப்பவர் அரிது. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கக் கூட்டத்தில் பொது மின்கட்டண ரசீதை முன்வைத்துப் பேசலாம். பத்து மணிக்குப் பிறகு முகப்பு அலங்கார விளக்குகளை டைமரில் அணைக்க, வானத்தைவிட ரசீதே வலுவான வாதம். லடாக்கின் ஹான்லேயில் 2022-இல் இருண்ட வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டபோதும், அங்கே நடைமுறைக்கு வந்தவை விளக்குக்குக் குடையும் ஜன்னலுக்குத் திரையும் போன்ற சின்ன ஏற்பாடுகளே. ஊரை இருட்டாக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

தெருவிளக்கைப் பராமரிப்பது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி. கம்பம் மின்வாரியத்துடையதாக இருந்தாலும் விளக்குக்கு மனு உள்ளாட்சிக்கே போக வேண்டும். மனுவில் "ஒளி மாசு" என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். வார்டு, தெரு, கம்பத்தின் எண், விளக்கு எந்தப் பக்கம் எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது, எந்த வீட்டுச் சுவரில் வெளிச்சம் விழுகிறது என்று எழுதி, இரவில் எடுத்த ஒரு படத்தையும் இணைக்க வேண்டும். விளக்கை எடுக்கச் சொல்லவே கூடாது; பெண்களும் முதியவர்களும் நடக்கும் தெருவில் அது நியாயமும் அல்ல, நடக்கவும் நடக்காது. கோணத்தை இறக்கவும், அடுத்த முறை மாற்றும்போது 3000 கெல்வின் பொருத்தவும் கேட்பதே போதும்.

சென்னைக் கடற்கரை ஓரம் வசிப்பவர்களுக்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. ஜனவரி முதல் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள், பொரித்து வெளியே வந்ததும் வெளிச்சமான தொடுவானத்தை நோக்கி நகரும் இயல்புடையவை. இருண்ட கரையில் அது கடலாக இருக்கும். விளக்கு எரியும் கரையில் அது சாலையாகிவிடும். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சு பொரிப்பகத்தில் வைத்துக் காப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பகுதி மனுக்களில் இந்தப் பருவத்தைக் குறிப்பிட்டு, கடலை நோக்கிய விளக்குகளை அந்த மாதங்களுக்கு மட்டும் அணைக்கக் கேட்கலாம்.

விளக்கு மாறிய பிறகு, அடுத்து வரும் தேய்பிறையில் அதே மூலையில் அதே நேரத்தில் மறுபடி அளக்க வேண்டும். ஒரு தெருவின் நான்கு விளக்குகள் சாய்ந்ததால் உச்சி வானத்தின் எண் நகர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாடியில் விழும் நேர் வெளிச்சமும் கண்கூச்சமும் குறைவதுதான் முதலில் தெரியும், மிருகசீரிடத்தில் இரண்டாவது புள்ளி தென்பட அதுவே சில சமயம் போதும். பதிவுகளை, பொதுமக்களின் வானப் பதிவுகளைத் தொகுக்க 2006 முதல் நடந்துவரும் குளோப் அட் நைட் திட்டத்துக்கும் அனுப்பிவையுங்கள். தேதி, நேரம், இடம், அவர்கள் தரும் விண்மீன் படங்களில் நீங்கள் பார்த்த வானத்தோடு ஒத்துப்போகும் படத்தின் எண் ஆகியவையே அவர்கள் கேட்பவை. நோட்டின் நகலை, மனுவின் இரண்டாம் சுற்றுக்காகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். முதல் மனுவுக்குப் பதில் வராவிட்டால், ஓராண்டு எண்களை இணைத்து அதே கம்பத்து எண்ணுக்கு மறுபடி எழுத அது உதவும்.